ஊர் சுற்றாத கோடை

தம்பெரே, பின்லாந்து
10.08.2025

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. "லீவுதானே, பதில் போட என்ன கேடு வந்தது?" என்று நீ திட்டுவது இங்கே வரை கேட்கிறது. லீவு என்பதால்தான் எழுதவில்லை. பாடம் நடத்தும் நாட்களில் திருத்த வேண்டிய விடைத்தாள்களிலிருந்து தப்பிப்பதற்காகவாவது உனக்கு எழுதுவேன். லீவில் எதிலிருந்து தப்பிப்பது?

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கோவைப் பெரியகுளம் கரையில் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் இவரைக் கூப்பிட்டு அந்தப் பத்தியை மட்டும் உரக்க வாசித்துக் காட்டினேன். "ஊன்றுகோலை யாருக்கும் தெரியாமல் குடைக்குள் மறைத்து எடுத்துப் போகிறேன்" என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் அதிகம் சிரித்தார்.

கடைசியில் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறாய்: "இந்த லீவுக்கு எங்கெல்லாம் போனீர்கள், என்னவெல்லாம் பார்த்தீர்கள்?" எங்கேயும் போகவில்லை, மீனா. சொல்லிக்கொள்கிற மாதிரி எதையும் பார்க்கவும் இல்லை. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு லீவு கிடைத்ததில்லை.

இங்கே வந்த முதல் கோடையில் நம் ஊர் வழக்கப்படிதான் கிளம்பினோம். ஹெல்சிங்கி, சுவோமென்லின்னா கோட்டை, ராத்திரி முழுக்க ஓடும் கப்பலில் ஸ்டாக்ஹோம், திரும்பி வந்து துர்க்கு, அங்கிருந்து ரயிலேறி வடக்கே ரோவனியெமி, ஆர்க்டிக் வட்டத்தின் கோட்டில் ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் வைத்து ஒரு போட்டோ. பதினோரு நாள். நினைவிருக்கிறதா, மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக்கு வேன் எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போவோமே! தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா எல்லாம் ஒரே நாளில் முடித்து, நடுவில் எங்கேயோ ஓரமாக நிறுத்திப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, கொண்டை ஊசி வளைவில் குழந்தைகள் வாந்தியெடுக்க, நள்ளிரவில் மேட்டுப்பாளையம் வந்து சேர்வோம். அதையேதான் இங்கே குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு செய்தோம்.

லீவு முடிந்து போனதும் துறையில் என் பக்கத்து அறைக்காரி, "என்ன செய்தாய்?" என்று கேட்டாள். பதினோரு நாள் கதையையும் ஒப்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாவம், களைத்திருப்பாய்" என்றாள். "நீ?" என்றேன். "படகுத்துறைப் பலகைக்கு வர்ணம் அடித்தேன். அப்புறம் உட்கார்ந்திருந்தேன்" என்றாள். எத்தனை நாள் என்று கேட்டேன். நான்கு வாரமாம்.

இந்த நாட்டில் 500 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள ஏரிகளை எண்ணி 1,87,888 என்று கணக்குச் சொல்கிறார்கள். மக்கள்தொகை 56 லட்சம். இத்தனை பேருக்குக் கோடைவீடுகள் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். மொக்கி என்பார்கள். பெரிய பங்களாவாக நினைத்துக்கொள்ளாதே. பெரும்பாலும் தோட்டத்துச் சாளை மாதிரிதான்: மரச்சுவர், வெளியே தனியாகக் கழிப்பறை, ஏரியிலிருந்து வாளியில் மொண்டு வரும் தண்ணீர். நகரத்தில் எல்லா வசதியோடும் இருப்பவர்கள் ஜூலை முழுக்க இங்கே விறகு பிளக்கிறார்கள். என் மாமியார் கேட்டிருந்தால், "இதற்குத்தானா நாங்கள் கிராமத்தை விட்டு வந்தோம்?" என்றிருப்பார்.

இந்த வருடம் யுஹன்னுஸுக்கு அந்தப் பக்கத்து அறைக்காரி எங்களை அவள் மொக்கிக்கு அழைத்தாள். நம் ஊரில் பொங்கல் மாதிரி, இங்கே நடுக்கோடைத் திருநாள். ஜூன் 20 வெள்ளி மாலையே ஊர் காலியாகிவிட்டது. தீபாவளியன்று மதியம் காந்திபுரத்து ஆபீஸ் தெருக்கள் எப்படி இருக்கும், அப்படி. அங்கே போய் இறங்கினால் வாசலின் இரண்டு பக்கமும் இலையோடு வெட்டிய இளம் பிர்ச் மரங்களை நட்டு வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டு வாழைமரம்தான்! "யாருக்குக் கல்யாணம்?" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ராத்திரி ஏரிக்கரையில் விறகைக் கோபுரமாக அடுக்கிக் கொளுத்தினார்கள். கொக்கோ என்று பெயர். கார்த்திகைக்குக் கோயில் முன்னால் கொளுத்தும் சொக்கப்பனைதான், இருட்டு மட்டும் இல்லை. பதினொரு மணிக்கு மேல்தான் சூரியன் இறங்குகிறது, நாலு மணிக்கு முன்னால் எழுந்துவிடுகிறது. நடுவில் இருப்பதை இரவு என்று சொல்ல மனம் வரவில்லை. டிசம்பரில் ஐந்தரை மணி நேரத்துக்குள் பகலைச் சுருட்டி வைத்துவிடும் ஊர் இது. அந்தக் கடனை ஜூனில் வட்டியோடு திருப்பித் தருகிறது.

அதற்கு முன்னால் சௌனா என்னும் நீராவிக் குளியல். இதைப் படித்துவிட்டு உன் வீட்டுக்காரரிடம் காட்டாதே. பெண்கள் முதலில், ஆண்கள் பிறகு. உள்ளே உடம்பில் துணி எதுவும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், "நைட்டி போட்டுக்கொண்டு வரலாமா?" என்று கேட்டேன். "உன் விருப்பம். ஆனால் சூட்டில் ஒட்டிக்கொண்டு தொல்லை பண்ணும்" என்றாள். ஊரிலிருந்து கொண்டு வந்த ஈரிழைத் துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன். அவளுடைய அம்மா, எழுபத்தெட்டு வயது, மேல் படியில் நம் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார். ஒரு கரண்டித் தண்ணீரை எடுத்துச் சூடான கல் மேல் ஊற்றினார். 'உஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆவி நேரே முகத்துக்கு வராது மீனா, கூரை வரை போய் மேலிருந்து இறங்கி முதலில் காது மடலைத்தான் சுடும். காதில் தோடு போட்டிருந்தேன். தொட முடியவில்லை! பாட்டி அதைக் கழற்றி வாங்கி ஜன்னல் மாடத்தில் வைத்துவிட்டு, பிர்ச் இலைக் கொத்தை நனைத்து என் முதுகில் பட்பட்டென்று தட்டினார். அம்மா எண்ணெய் தேய்த்துவிடும்போது முதுகில் நாலு போடுவாளே, அதே கை. யோசித்துப் பார், யுஹன்னுஸ் முந்தின மாலை எப்போதும் வெள்ளிக்கிழமைதான் வரும். நமக்கு எண்ணெய்க் குளியல் நாள். சீயக்காய் ஒன்றுதான் குறை. துண்டு எப்போது அவிழ்ந்தது என்று எனக்கு நினைவில்லை.

பிறகு ஏரியில் இறங்க வேண்டும். தண்ணீரே ஓடாத நொய்யல் கரையில் வளர்ந்தவளுக்கு நீச்சல் எங்கே தெரியும்? படகுத்துறை ஏணியைப் பிடித்துக்கொண்டு கழுத்து வரை இறங்கி, மூச்சு நின்று, கத்தி, மேலே வந்துவிட்டேன். மறுபடி உள்ளே. மறுபடி ஏணி. மூன்று முறை. சாப்பாட்டுக்குத் தோலோடு வேகவைத்த புது உருளைக்கிழங்கு, வெண்ணெய், மேலே ஏதோ ஒரு பச்சைத் தழை. வாயில் வைத்ததும் பிள்ளை பெற்ற வீட்டு லேகிய வாசனை! நம் சதகுப்பைதான். அங்கே மருந்து, இங்கே மீனிலிருந்து கிழங்கு வரை எல்லாவற்றிலும் அது.

மறுநாள் படகு. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று கை பரபரக்கிறது.

துடுப்புப் படகு, மோட்டார் கிடையாது. உயிர்காக்கும் சட்டையின் வார்களை அவளே இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் எங்களை விட்டாள். ஒவ்வொரு யுஹன்னுஸ் முடிந்ததும் எத்தனை பேர் மூழ்கினார்கள் என்று செய்தி வருகிற நாடு. இவர் புள்ளியியல் பேராசிரியர் அல்லவா, "கொள்கையளவில் எளிது" என்று துடுப்பைப் பிடித்தார். கொள்கையளவில் படகு ஒரே இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றியது. துடுப்புப் போடுகிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். முன்னால் என்ன இருக்கிறது என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் தெரியும். நான் "வலது" என்றால் அவர் தன் வலது பக்கம் திருப்புகிறார், அது எனக்கு இடது. நாணலுக்குள் போய்ச் சொருகினோம். ஒருவரையொருவர் குற்றம் சொன்னோம். கரையில் இருந்தவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வலது, இடது கிடையாது. "பாறைப் பக்கம்", "வீட்டுப் பக்கம்". பத்து நிமிடத்தில் படகு நேராகப் போயிற்று. இருபத்தேழு வருடத்தில் இந்த மனிதர் திரும்பிப் பார்க்காமல், "நிஜமாகவா?" என்று கேட்காமல், நான் சொன்ன பக்கம் போனது அன்றைக்குத்தான். திரும்பிப் பார்த்தால் படகு கோணும் என்பது வேறு விஷயம்.

நடு ஏரியில் துடுப்பை மேலே எடுத்து வைத்தார். குயிக்கா என்று ஒரு நீர்ப்பறவை கத்தியது. பெயரில்தான் குயில் வாசனை. குரல், யாரோ தொலைவிலிருந்து ஆளைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும். நாங்கள் எதுவும் பேசவில்லை. மகன் படிப்பு, வீட்டுக் கடன், அவர் அம்மாவின் மாத்திரை என்று எங்கள் பேச்சுக்கு எப்போதும் ஒரு நிகழ்ச்சி நிரல் உண்டு. அது இல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்தால் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவர் செருப்பைப் பார்த்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். மூக்கின் மேல் ஒரு கொசு. அடித்தேன். (கொசுவைப் பற்றித் தனிக் கடிதம் எழுதுகிறேன். இவை நம் ஊர்க் கொசு போல் ஒளிந்து வருவதில்லை, ஊர்வலமாக வருகின்றன.)

ஜூலையில் வெயில் பிடித்தது. தொடர்ந்து 22 நாள் நாட்டின் ஏதாவது ஓர் இடத்தில் 30 டிகிரியைத் தாண்டியது, இதுவரை இப்படிப் பதிவானதில்லை என்று வானிலைத் துறை சொன்னது. நீ சிரிப்பாய். நாங்களும் முதல் நாள் சிரித்தோம். ஆனால் குளிர் உள்ளே வராமலிருக்கக் கட்டிய வீட்டிலிருந்து சூடு வெளியே போகாது. கூரையில் விசிறி மாட்ட ஒரு கொக்கிகூட இல்லை. சாயங்காலமானால் கிளம்பிவிடுவோம். ஒரு நாள் ப்யூனிக்கி மேடு. பனியுகம் விட்டுப்போன மணல்முகடு அது. அதன் மேல் 1929இல் கட்டிய 26 மீட்டர் கோபுரம். மேலே ஏறி ஊரைப் பார்ப்பவர்களைவிடக் கீழே முங்க்கி என்னும் வடை மாதிரி ஓட்டை போட்ட இனிப்புப் பலகாரத்துக்கு நிற்பவர்கள் அதிகம். நாங்களும் கீழேதான்.

இன்னொரு நாள் ஊர் நடுவே பாய்ந்தோடும் தம்மெர்கோஸ்கி ஆற்றங்கரை. நம் கோவையைப் போல இந்த ஊரையும் மான்செஸ்டர் என்றுதான் சொல்வார்கள், தெரியுமா? செல்லமாக 'மான்சே'. வடக்கே ஓர் ஏரி, தெற்கே ஓர் ஏரி, இரண்டுக்கும் நடுவில் 18 மீட்டர் இறக்கம். அந்த இறக்கத்தை நம்பி 1820இல் ஜேம்ஸ் பின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தொடங்கியது பின்னாளில் பெரிய பஞ்சாலை ஆயிற்று. 1882இல் அதன் நெசவுக்கூடத்தில் மின்விளக்கு எரிந்தது. இப்போது அங்கே உணவகம், சினிமா, அருங்காட்சியகம். மாமனார் முப்பது வருடம் மில் சங்குக்கு எழுந்தவர் அல்லவா? இவர் அந்தப் புகைபோக்கியைப் பார்க்கும்போதெல்லாம் மணி பார்க்கிறார். ஏன் என்று நான் கேட்பதில்லை.

கடைசி இரண்டு வாரமும் பழம் பறித்தோம். டிராமில் ஏறிக் கவுப்பியில் இறங்கினால் பத்து நிமிட நடையில் காடு. யார் நிலமாக இருந்தாலும் நடக்கலாம், காட்டுப்பழம் பறிக்கலாம், காளான் எடுக்கலாம். வீட்டு முற்றத்துக்குள் போகக் கூடாது, நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் தீ மூட்டக் கூடாது. பறித்ததை விற்றால் அந்த வருமானத்துக்கு வரிகூட இல்லை! வேலியைக் கண்டாலே "உள்ளே நுழைந்தால்..." பலகையைத் தேடும் கண் நமக்கு. முதல் அரை மணி நேரம் திருடுகிற மாதிரியே குனிந்து குனிந்து பறித்தேன்.

முஸ்திக்கா என்ற காட்டு நீலப்பழம். கணுக்கால் உயரச் செடி. கடையில் வாங்குவது உள்ளே வெளுப்பாக இருக்கும், இது உள்ளேயும் கறுநீலம். நாவற்பழம் தின்ற மாதிரி நாக்கு, பல், விரல் எல்லாம் சாயம். கையால் பறித்தால் பொழுது போகும், பாத்திரம் நிறையாது. சீப்புப் பல் வைத்த முகவை ஒன்று விற்கிறார்கள். செடியில் கொடுத்து இழுத்தால் பழத்தோடு இலை, குச்சி, எறும்பு எல்லாம் வரும். அதைச் சுத்தம் செய்ய இங்கே சரிவான கம்பித் தட்டில் உருட்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. எவர்சில்வர் தாம்பாளத்தில் போட்டுப் பால்கனியில் நின்று புடைத்தேன். இலை பறந்தது, பழமும் பாதி உருண்டு கீழ் வீட்டுக்காரர் பூந்தொட்டியில் விழுந்தது. தாம்பாளத்தில் நேம்பவும் முடியாது, கொழிக்கவும் முடியாது.

ஆகையால் அடுத்த ஜூலையில் நீயும் உன் வீட்டுக்காரரும் வருவதாக இருந்தால், பருப்புப்பொடி, அப்பளம் எதுவும் வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது. கைக்கு அடக்கமாக ஒரு மூங்கில் முறம் வாங்கிக்கொள். புதிதாக வாங்கினால் வெந்தய விழுது மெழுகிக் காய வைத்துக் கொண்டு வா. இங்கே மெழுகினால் காயாது.

அன்புடன்,
ராஜி