மகளிர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவி ஆச்சி அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதக் கூட்டம் 12 நடந்திருக்க வேண்டும்; 9 நடந்தது. மீதி மூன்று நாளும் தலைவி ஆச்சி, பொருளாளர், நான் என மூன்றே பேர். காப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம். பொங்கல் கோலப்போட்டி நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. பிள்ளையார் நோன்புக்கு மன்றத்திலேயே கூடி, மாவில் வைத்து ஏற்றிய நூல்திரியான இழை எடுத்துக்கொண்டோம். பிள்ளையார்பட்டிப் பயணம் வேன் கிடைக்காமல் தள்ளிப்போனது.

இனி போர்வை.

ரவிக்கை வெட்டியது போகத் தையல் கடையில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைப்பது என்று ஆடி மாதக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். தீர்மானப் புத்தகத்தில் 14 கையெழுத்து இருக்கிறது. தைக்க வந்தவர்கள் என்னோடு சேர்த்து எட்டுப் பேர். "கந்தலைத் தைக்கவா ஒரு மன்றம்?" என்று ஒரு கேள்வி என் காதுக்கு வந்தது. கேட்டவர் கூட்டத்துக்கு வராததால் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கி ஓடுதையல் போட்டுக் காந்தா என்று விற்கிறார்கள். அந்தக் காலத்தில் தைக்கிற நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்களாம். வட கர்நாடகத்தில் இதே வேலைக்குக் கௌதி என்று பெயர். நம் ஊரில் பிள்ளை பெற்ற வீட்டில் பழம்புடவையை நாலாக மடித்துத் தைத்துத் தொட்டிலில் விரிக்கவில்லையா? 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிப் புடவைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அதே கண்டாங்கித் துண்டு தையல் கடையில் மெஷின் துடைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு மூட்டை துணி வந்தது. பாதி கலப்புத் துணி. திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஓர் இழையை உருவி அகல்விளக்கில் காட்டினோம். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பு மணிபோல நிற்கும். மணி கட்டியதை எல்லாம் தள்ளிவைத்தோம். மிச்சத்தை அலசிக் காயப்போட்டோம். புதுத்துணி பின்னால் சுருங்கும், சாயமும் விடும். கந்தையானாலும் கசக்கித்தான் வெட்ட வேண்டும். அப்படியும் ஒரு செங்கல் சிவப்பு மூன்று அலசலுக்கும் அடங்கவில்லை. உப்புத் தண்ணீரில் போட்டால் நிற்கும் என்றார்கள். நிற்கவில்லை.

ஆத்தங்குடித் தரைக் கல்லில் இருக்கும் பூ மாதிரி தைக்கலாம் என்று ஆசைப்பட்டார்கள். முதல் போர்வைக்குக் கட்டமே போதும் என்று நான்தான் சொன்னேன். வளைவாக வெட்டினால் துணி இழுபடும். நடந்ததைப் பார்த்தால் நான் சொன்னது சரிதான். நான் வெட்டிக் கொடுத்த அட்டையை வைத்து 6 அங்குலச் சதுரமாக 192 துண்டு. அகலத்துக்கு 12, நீளத்துக்கு 16. நாலு பகுதியாகப் பிரித்து, இரண்டிரண்டு பேராக வீட்டு மெஷினில் இணைத்து வருவது என்று ஏற்பாடு. ஓரம் கால் அங்குலம் விட வேண்டும் என்று கூட்டத்திலும் சொன்னேன், செய்தியும் அனுப்பினேன்.

கார்த்திகையில் நாலு பகுதியையும் பட்டாலைக் கூடத்தில் விரித்தோம். தரைக் கல்லின் கோடு இருந்ததால் கோணல் நேர் உடனே தெரிந்தது. மூன்று பகுதி அகலம் 66.5 அங்குலம். நாலாவது 61. அதைத் தைத்த இருவரும் ரவிக்கைக்கு விடுகிற பழக்கத்தில் அரை அங்குலம் ஓரம் விட்டிருக்கிறார்கள். ஓர் இணைப்புக்கு அரை அங்குலம் கூடுதலாக உள்ளே போனால், 11 இணைப்புக்கு ஐந்தரை அங்குலம் காணாமல் போகும். செயலாளர் வெட்டிக் கொடுத்த அட்டை அளவே சரியில்லை என்று அப்போது ஒரு பேச்சு எழுந்தது. அந்த அட்டை என் மகள் கல்யாணப் புடவைப் பெட்டி. கத்தரி பட்டுப்பட்டு ஒரு முனை கொஞ்சம் தேய்ந்தது உண்மைதான். ஒரு முனை தேய்ந்து ஐந்தரை அங்குலம் குறையாது. ஆனால் நடுவில் ஒரு தடவையாவது வீடு வீடாகப் போய் அளந்து பார்த்திருக்கலாம் என்று தலைவி ஆச்சி சொன்னதை மறுக்க மாட்டேன்.

பக்கத்தில் ஒரு கரைத்துணியைக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். "பிரிச்சுத் தைங்க" என்றார் ஆச்சி. பிரிக்க மட்டும் நாலு மதியம் ஆனது. இப்போதும் அந்தப் பகுதியில் பழைய ஊசித்துளை எறும்பு வரிசை மாதிரி தெரிகிறது. பார்க்க விரும்புபவர்கள் பார்க்கலாம்.

நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு வேண்டாம் என்று, நடுவில் இரண்டு எட்டு முழ வேட்டிகளை இணைத்து வைத்தோம். அடித்துணி ஆச்சியின் தாயார் கட்டிய கடுகு மஞ்சள் கண்டாங்கி. மூன்றையும் சேர்த்துக் கையால் ஓடுதையல் போட்டது தை, மாசி, பங்குனி. கடைசியில் உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர்.

கணக்கு: சந்தா, நன்கொடை, கோலப்போட்டிக் கட்டணம் சேர்ந்து வரவு, நாற்காலி வாடகை, பரிசு, காப்பி சேர்ந்து செலவு. இரண்டும் ஏறக்குறைய சரியாக நிற்கிறது. சின்ன வித்தியாசம் பொருளாளரின் கைப்பணம். போர்வையில்தான் பணம் போயிற்று என்று பேச்சு இருப்பதால் சொல்கிறேன்: நூல், ஊசி, சோப்புத்தூள் தவிர வேறு செலவே இல்லை.

சந்தா ஆண்டுக்கு 300 ரூபாய். 46 பேரில் கட்டியவர்கள் 19. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று இருப்பவர்கள் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் வருகிறார்கள், மன்றத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். வீட்டைப் பூட்டி வைக்கலாம், சரி. சந்தாவையுமா? உள்ளூரில் இருந்துகொண்டே கட்டாதவர்கள் பற்றி எழுதினேன். ஆச்சி அடிக்கச் சொன்னதால் அடித்துவிட்டேன்.

தலைவி ஆச்சி, பொருளாளர், துணி கொடுத்த தையல்காரர்கள், இடம் கொடுத்த வீட்டார், காப்பி போட்ட சமையல்காரம்மா அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு யார் வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். மூன்று முறை சொல்லியாயிற்று, யாரும் கை தூக்கவில்லை. மிஞ்சிய ஒன்றரை மூட்டை துணி என் வீட்டு இரண்டாம் கட்டுக்குள் கிடக்கிறது. பூ மாதிரி தைக்க ஆசைப்பட்டவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். போர்வையை மேசையில் விரித்திருக்கிறோம். மூன்று பக்கம் ஓரம் கட்டியாயிற்று, நாலாவது பக்கம் பாக்கி. ஊசி கோத்து வைத்திருக்கிறேன். பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு அதே மேசையில்தான் இருக்கிறார்.