ஒரு டி.சி.யும் ஒரு பங்ச்சர் கடையும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்தோடு உட்கார்ந்திருந்தேன். இப்போது பரவாயில்லை. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள்.

போன வாரம் பேத்தியின் டி.சி.யை வாங்கி வந்தோம். அதில் ‘ஒழுக்கமும் பண்பும்’ என்று ஒரு வரி, எதிரே ‘நன்று’. முப்பது வருடம் நானும் அந்த இடத்தில் யோசிக்காமல் ‘நன்று’ எழுதியவன்தான். ஒரே ஒரு பையனுக்கு மட்டும் ‘திருப்திகரம்’ என்று எழுதினேன். வாத்தியார்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்: சேர்த்துக்கொள், ஆனால் ஒரு கண் வைத்துக்கொள். சுற்றுலாவுக்கு வசூலித்த பணத்தை எடுத்துவிட்டான். 14 வயது. “நீ உருப்படமாட்டே” என்று வகுப்பின் முன்னாலேயே சொன்னேன்.

கேட்பதற்கு ஆரூடம் மாதிரி இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவன் உருப்பட்டுவிடக் கூடாது என்கிற ஆசைதான் அதில் இருந்தது. உருப்பட்டால் என் கணக்குத் தப்பாகிவிடுமே!

அதே வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு தங்கமான பையன். பெரியவனாகி, வேலை பார்த்த இடத்தில் நகைக்கடன் மோசடியில் மாட்டினான். “யாரோ சிக்க வைத்திருப்பார்கள்” என்று வீட்டில் அடித்துச் சொன்னேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன் என்றால் சிரிப்பாய்.

மற்றவன் எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பங்ச்சர் கடை வைத்திருக்கிறான். இருபது வருடமாக ஒரு புகார் கிடையாது. போன மாதம் ஸ்கூட்டரை அவனிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். பாதி டீயில் ஞாபகம் வந்தது, பர்ஸ் டிக்கியில் இருக்கிறது. அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தேன். “என்ன சார், அதுக்குள்ளே?” என்றான். சீனி அதிகம் என்றேன்.

அன்று ராத்திரி உன் தாத்தா நினைவுக்கு வந்தார். நான் ஒரு பையனுக்குச் செய்ததை வெள்ளைக்காரன் ஊர் ஊராகச் சட்டம் போட்டுச் செய்தான். 1871-இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் நம் பக்கம் வந்தது. சில சாதிகளையே முழுசாகக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தார்கள்; பிறந்த குழந்தைக்கும் அதே முத்திரை. கைரேகை வைக்கமாட்டோம் என்று நின்றதற்காக 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உங்கள் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சட்டத்தால் ராத்திரியானால் பாயைச் சுருட்டிக்கொண்டு தாத்தா போலீஸ் ஸ்டேஷனுக்குப் படுக்கப் போவார் என்று விடுதியில் நீ சொல்வாயே, அப்போது அதை வேடிக்கையாகத்தான் சொல்வாய்.

சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. முப்பது வருடம் கழித்து நீ நேர்காணலுக்குப் போனாய். “உசிலம்பட்டியா?” என்று கேட்டுவிட்டு ஒருவர் பேனாவை மூடி வைத்தார். அன்று உன்னோடு சேர்ந்து நானும் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். அதற்கு எத்தனையோ வருடம் கழித்துத்தான் அந்த டி.சி.யில் கையெழுத்துப் போட்டேன்.

சரி, உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அப்புறம், உன் பள்ளிக்கூட டி.சி. பெட்டியில் எங்காவது கிடந்தால் அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுது. என்னுடையது கரையான் தின்றுவிட்டது.

உன் பழைய அறைத்தோழன்