நாலு எண்ணில் இருந்த விஷயம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் பெயர் முறையை மாற்றியதற்கு ஏன் அத்தனை எதிர்ப்பு, போனது வெறும் நாலு எண்தானே என்று கேட்டிருந்தாய். அந்த நாலு எண்ணில்தான் விஷயமே இருந்தது.

பழைய முறையில் பெயருக்குப் பின்னால் # போட்டு 0001 முதல் 9999 வரை ஓர் எண் இருக்கும். 'முகில்' என்ற ஒரே பெயரை 9,999 பேர் வைத்துக்கொள்ளலாம். பெயருக்கு யாரும் முந்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. 2023 மே மாதம் அறிவித்த முறையில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். 2 முதல் 32 எழுத்து வரை. ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு, புள்ளி மட்டும்.

நிறுவனம் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியாது. 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தங்கள் எண்ணே நினைவில்லை, நட்பு அழைப்புகளில் ஏறக்குறைய பாதி சரியான ஆளைச் சேரவில்லை என்றார்கள். பழைய பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் ஆள் கிடைக்கமாட்டார். ஆனால் அந்த எழுத்து வேறுபாட்டை மட்டும் நீக்கியிருந்தாலே பாதித் தொல்லை தீர்ந்திருக்கும் என்பது என் கருத்து.

பெயர் ஒன்றே ஒன்று என்று ஆனதும் அதற்கு விலை வந்துவிடுகிறது. பழைய கணக்குகளுக்கு முதலில், சந்தா கட்டியவர்களுக்கு முன்னுரிமை என்று வரிசை வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் தங்கள் பெயரோடு எண்ணையோ அடிக்கோட்டையோ தாங்களே ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. குட்டிப் பெயர் வைத்திருப்பவரின் கணக்கைத் திருட ஒரு காரணமும் கிடைத்தது. முன்பு பெயர் தெரிந்தாலும் எண் தெரியாமல் அந்நியர் அழைப்பு அனுப்ப முடியாது. இப்போது பெயரை ஊகித்தாலே போதும்.

தமிழில் பெயர் வைத்திருந்தவர்களுக்கு நேர்ந்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பழைய முறையில் 'எழில்' என்று தமிழிலேயே வைக்கலாம். இப்போது தமிழ் எழுத்து, மற்றவர் திரையில் தெரியும் காட்சிப் பெயரில் மட்டும்தான், அதை வைத்து ஆளைச் சேர்க்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதினால் ழகரத்துக்கு ஒருவர் 'இசட் ஹெச்' போடுவார், இன்னொருவர் வெறும் 'எல்' போடுவார். எந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தார்களோ, அது நம் பெயர்களில் மறுபடி முளைத்துவிட்டது.

உன் குழுவுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உறுப்பினர் பதிவேட்டில் பெயரை நம்பாதே. ஒவ்வொரு கணக்குக்கும் டிஸ்கார்ட் தரும், எப்போதும் மாறாத நீண்ட எண்ணான பயனர் ஐடியை வை. அமைப்புகளில் டெவலப்பர் மோடை இயக்கிவிட்டு ஆளின் பெயரை ரைட் கிளிக் செய்தால் ஐடியை நகலெடுக்கலாம். எக்செலில் ஒட்டும் முன் அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் என்று மாற்று. இல்லையென்றால் 15 இலக்கத்துக்குப் பிறகு வருவதெல்லாம் சுழியமாகிவிடும், ஐடி பாழ்.

போலி ஆளைப் பிடிக்கவும் அந்த ஐடிதான் துணை. அதை 22 பிட் வலப்புறம் நகர்த்தி (அதாவது 4194304 ஆல் வகுத்து மீதியை விட்டுவிட்டு) 1420070400000 கூட்டினால் கணக்குத் தொடங்கிய நேரம், 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய மில்லிவினாடியில் வரும். நிர்வாகியின் பெயரும் படமும் இருந்து, கணக்கு நேற்றுத்தான் பிறந்தது என்றால் விசாரிக்காமல் நம்பாதே.

உன் பாட் (குழுவில் தானாக இயங்கும் நிரல்) 'பெயர்#0' என்று காட்டுவதாக எழுதியிருந்தாயே, அது கோளாறு இல்லை. மாறிய கணக்குகளுக்கு அந்த எண் 0 என்றே வரும். பாட்களுக்கு மட்டும் பழைய நாலு இலக்கம் தொடர்கிறது. எண் 0 என்றால் # குறியை விட்டுவிடும்படி நிரலில் ஒரு நிபந்தனை போடு. படம் வைக்காத எல்லாருக்கும் உன் பாட் ஒரே இயல்புநிலைப் படத்தைக் காட்டுவதும் இதனால்தான். முன்பு எந்தப் படம் என்பதை, அந்த நாலு இலக்க எண்ணை 5 ஆல் வகுத்த மீதி சொல்லும். இப்போது ஐடியை 22 பிட் நகர்த்தி 6 ஆல் வகுத்த மீதியை எடுக்க வேண்டும்.

நிர்வாகிகள் எல்லாரும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே இயக்கட்டும். நட்பு அழைப்பு அமைப்பில் 'எல்லாரும்' என்பதை அணைத்துவிடச் சொல். பாட் எந்த நிரல் நூலகத்தில், அதன் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று எழுது. பெயரை # வைத்துப் பிரிக்கும் வரிகள் எங்கெங்கே இருக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாறன்