மூன்றாவது பிரதிக்கு உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

நமது காப்பகத்தில் இப்போது 9 டெராபைட் அளவுக்குப் பழைய இதழ்கள், கையெழுத்துப் பிரதிகள், ஒலிப்பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கொடுத்தவர்கள் நீங்கள். அதனால் சென்ற மாதம் நடந்ததை உங்களிடம் மறைக்கக் கூடாது என்று குழு முடிவு செய்தது.

சர்வரில் ஒரு ஃபோல்டர் தவறுதலாக அழிந்துவிட்டது. அழித்தது எங்களில் ஒருவர்தான். அசதியான நேரம், யார் கையாலும் நடந்திருக்கும். ரெய்டு (RAID, ஒரு டிஸ்க் பழுதானாலும் கோப்புகள் போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் ஏற்பாடு) போட்டிருக்கிறோமே என்று முதலில் பதறவில்லை. ஆனால் ரெய்டு, டிஸ்க் பழுதானால்தான் கைகொடுக்கும். நாமே அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்த்தே அழித்துவிடும். சரி, இரவு பேக்கப் இருக்குமே என்று திறந்தால், அது 7 மாதமாக ஓடவே இல்லை. பேக்கப் டிஸ்க்கில் இடம் தீர்ந்து, பிழைச் செய்திகள் யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் பெட்டியில் குவிந்துகிடந்தன. உறுப்பினர் ஒருவரின் லேப்டாப்பில் மிச்சமிருந்ததை வைத்துப் பெரும்பகுதியை மீட்டோம். 212 ஒலிப்பதிவுகள் கிடைக்கவில்லை. அவற்றில் பேசியவர்கள் சிலர் இன்று உயிரோடு இல்லை.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் (GitLab) நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் சுமார் 300 ஜிபி டேட்டாபேஸை அழித்துவிட்டார். அங்கும் பேக்கப் தோற்றுக்கொண்டிருந்த செய்தி யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் நகல்) காப்பாற்றியது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஹெச் (OVH) நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலர் இரண்டையும் இழந்தார்கள். நமது இரண்டு பிரதிகளும் இன்று ஒரே அறையில்தான் இருக்கின்றன.

ஆகவே கேட்பது இதுதான்: ஒரு எல்டிஓ-9 (LTO-9, கணினிக் கோப்புகளைக் காந்த நாடாவில் பதியும் ஒரு வகை) டேப் டிரைவ், 4 டேப்புகள், மீட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு கணினி. ஒரு டேப்பில் 18 டெராபைட் கொள்ளும், காப்பகம் முழுவதும் ஒன்றிலேயே அடங்கிவிடும். எழுதி முடித்து வெளியே எடுத்துவிட்டால் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) அதைத் தொட முடியாது. 2 டேப்புகள் எப்போதும் வேறு ஊரில் இருக்கும். கிளவுட் போதாதா என்று சிலர் கேட்டார்கள். அதற்கு மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும், நன்கொடை நின்றால் பிரதியும் போய்விடும். டேப்பில் டிரைவின் விலைதான் பெரிது, அதுவும் ஒருமுறைச் செலவு.

கணினி எதற்கு? மீட்டுப் பார்க்காத பேக்கப் ஏட்டுச் சுரைக்காய்தான். 3 மாதத்துக்கு ஒருமுறை டேப்பிலிருந்து கோப்புகளை இறக்கி, மூலத்தோடு செக்சம் (கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டு, முடிவை உங்களுக்குத் தெரிவிப்போம். தோற்றால் அதையும் சொல்வோம்.

ஸ்கேனர் வாங்க வேண்டும் என்றால் நன்கொடை உடனே வரும். அலமாரியில் கிடக்கப்போகும் டேப்புக்குக் கேட்பது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. பணமாகத் தருபவர்கள் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிரிக்காத புது டேப்பாகவும் தரலாம். பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் வேண்டாம், தயவுசெய்து.

அப்புறம் ஒன்று. நீங்கள் அனுப்பிய ஒலிப்பதிவின் மூலக் கோப்பு பழைய போனிலோ மெமரி கார்டிலோ இன்னும் இருந்தால், அழிப்பதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது அந்த 212இல் ஒன்றாக இருக்கலாம்.

இப்படிக்கு,
காப்பகக் குழுவினர்