கயிறு இல்லாத கூடை

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ போன நாளிலிருந்து இங்கே மழை விடவில்லை. லயத்துக் கான் நிரம்பி வாசல்வரை தண்ணீர். அப்பாவுக்கு இருமல் குறைவு. சரி, நான் எழுத வந்தது உன் கழுத்தைப் பற்றி.

தீபாவளிக்கு வந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கி நீ படியேறி வந்ததைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. தலையை முன்னே நீட்டி, தோளைக் குறுக்கி நடந்தாய். அது தேயிலைக் கொழுந்துக் கூடைக்காரி நடை. நான் 27 வருசம் நடந்த நடை. உன் முதுகில் இருந்ததோ ஒரு லேப்டாப் பை.

கூடைக் கயிறு தலையில் கிடக்கும், கூடை பின்னால் இழுக்கும். அதற்கு எதிராகத் தலையை முன்னே தள்ளியே நிற்கவேண்டும். ஏற்றத்தில் இன்னும் குனியவேண்டும். மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொட்டின பிறகும் கயிறு தலையிலேயே கிடப்பது போல இருக்கும். உன் அப்பாயிக்குக் கடைசிவரை முதுகு நிமிரவேயில்லை. பாரம் தூக்கினால் வலிக்கத்தானே செய்யும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்தக் கயிறு உன் தலையில் ஏறக்கூடாது என்றுதான் உன்னைப் படிக்க வைத்தது.

போன மாதம் கிளினிக்கில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பிள்ளையிடம் உன் கதையையும் சொன்னேன். தலை மட்டுமே ஏறக்குறைய 5 கிலோ இருக்குமாம். போன் பார்க்க 60 பாகை குனிந்தால், கழுத்தில் விழும் பாரம் 27 கிலோ அளவுக்குப் போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்களாம். நான் ஒருநாளும் அவ்வளவு பெரிய கூடையைத் தலையில் மாட்டியதில்லை, மகள்!

அதற்காக விறைப்பாக உட்காரவும் வேண்டாமாம். எவ்வளவு நல்ல இருப்பானாலும் மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் தசை களைத்து வலிக்குமாம். அது எனக்கு உடனே விளங்கியது. நிரை முடிகிற இடத்தில் இடுப்பில் கையை வைத்துப் பின்னால் வளைந்து நிற்போம். கங்காணி சத்தம் போடுவார். அந்த ஒரு நிமிசத்தில்தான் உயிர் வரும். உனக்குச் சத்தம் போட ஆளில்லை, இருந்தும் நீ எழும்புவதில்லை.

அரை மணிக்கு ஒருதரமாவது எழும்பி நட. லேப்டாப்பைப் புத்தகங்கள்மேல் வைத்துத் திரையைக் கண்மட்டத்துக்குக் கொண்டு வா, தட்டுவதற்குத் தனிக் கீபோர்ட் வாங்கு. காசு இல்லையென்றால் சொல்லு, சீட்டுக்காசு வருகிறது. கட்டிலில் சாய்ந்து கழுத்தை மடித்துக்கொண்டு போன் பார்ப்பதை முதலில் விடு. தூக்கமில்லாததும் கவலையும்கூட வலியைக் கூட்டும் என்றது அந்தப் பிள்ளை. உனக்கு என்ன கவலை என்று நான் கேட்கவில்லை. சொல்லத் தோன்றினால் சொல்லு.

கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்து சாமான் நழுவினாலோ உடனே டொக்டரிடம் காட்டு. என்னைப் போல வருசக்கணக்கில் சித்தாலேப தேய்த்துக்கொண்டு இருக்காதே.

தைப்பொங்கலுக்கு வரும்போது பஸ் நிற்கிற இடத்துக்கே நான் வருவேன். நீ இறங்கி நடப்பதைப் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அம்மா