கதிருக்கு: ஐம்பது கெஜத்தில் ஜீரோ செய்

அன்புள்ள கதிர்,

டெக்சாஸில் வாங்கிய புது ரைஃபிளின் படத்தை அனுப்பி, "மாமா, ரெட் டாட்டை எத்தனை கெஜத்தில் ஜீரோ செய்வது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்" என்று கேட்டிருந்தாய். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து உன் அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை, ஏதோ நான்தான் வாங்கிக் கொடுத்ததுபோல. அது கிடக்கட்டும். வாட்ஸ்அப்பில் அடங்காத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன். ரெட் டாட் என்பது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி. ஒரு குறிப்பிட்ட தூரத்தில் தோட்டா அந்தப் புள்ளியிலேயே படும்படி அதைத் திருகி வைப்பதுதான் ஜீரோ செய்வது.

சிங்கப்பூரில் தேசிய சேவையில் உனக்கு இந்தக் கேள்வி எழ வாய்ப்பே இல்லை. அங்கே கொடுக்கும் எஸ்ஏஆர் 21 ரைஃபிளின் மேலே உள்ள தூக்கும் கைப்பிடிக்குள்ளேயே ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி இருக்கிறது. தொழிற்சாலையிலேயே சரிசெய்து அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் காலத்து எம்16-இல் முன்குறியைத் தோட்டா முனையால் அழுத்தித் திருகுவோம். ஆனால் எந்தத் தூரத்துக்கு என்று எங்களையும் யாரும் கேட்டதில்லை. இப்போது முடிவு உன் கையில்.

உன் ரைஃபிளில் ரெட் டாட் குழலின் நடுக்கோட்டுக்குமேல் சுமார் 2.6 அங்குல உயரத்தில் உட்கார்ந்திருக்கும். பார்வை நேர்கோடு, தோட்டாவோ குழலை விட்ட நொடியிலிருந்து விழத் தொடங்குகிறது. அதனால் குழலை மயிரிழை மேல்நோக்கி வைக்கிறோம். தோட்டா கீழிருந்து ஏறி உன் பார்வைக்கோட்டை ஒருமுறை வெட்டும், கொஞ்ச தூரம் மேலேயே போகும், பிறகு இறங்கி மறுபடி வெட்டும். முதல் வெட்டை எங்கே வைப்பது என்பதுதான் உன் கேள்வி.

16 அங்குலக் குழல், 55 கிரெய்ன் எடைத் தோட்டா, நொடிக்கு 3000 அடி வேகம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 50 கெஜத்தில் ஜீரோ செய்தால் 100-இல் ஒன்றரை அங்குலம் மேலே அடிக்கும், 150-இல் இரண்டுக்குள், 200-இல் ஏறக்குறைய குறியிலேயே. 100-இல் ஜீரோ செய்தால் 50-இல் முக்கால் அங்குலம் கீழே, 200-இல் இரண்டரை கீழே, 300-இல் ஓர் அடிக்குக் கிட்டத்தட்டக் கீழே. 100-இன் அழகு என்னவென்றால், தோட்டா பார்வைக்கோட்டுக்கு மேலே போவதே இல்லை எனலாம். எங்கே சுட்டாலும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் போதும். காகிதத்தில் வட்டக்குறி மட்டும் சுடுகிறவனுக்கு அதையே சொல்வேன். நீயோ 200 வரை இரும்புத் தகடு சுடப்போகிறாய். 50-தான் உனக்கு.

36 கெஜம் என்று சொன்ன நண்பர் தப்பாகச் சொல்லவில்லை. அமெரிக்க மரைன்கள் அந்த வழியில்தான் 300 மீட்டருக்குச் சரிசெய்து வந்தார்கள். 300-இல் சுட வேண்டியவர்களுக்கு அது பொருத்தம். 200-ஐத் தாண்டாத நீ, 100-இல் மூன்று அங்குலம், 200-இல் நான்கு அங்குலம் மேலே அடிப்பதை எதற்குத் தலையில் சுமக்க வேண்டும்?

"ராணுவமே 25-இல்தான் செய்கிறது" என்ற பேச்சுதான் எனக்கு எரிச்சல். பழைய எம்16ஏ1-இன் பின்குறியில் இரண்டு துளைகள். எல் என்று பொறித்த துளையை வைத்து 25 மீட்டரில் சரிசெய்துவிட்டு மற்றதற்குப் புரட்டுவார்கள். புரட்டியதும் ஜீரோ 250 மீட்டருக்கு வந்துவிடும். அந்தப் புரட்டல்தான் வித்தையே. ரெட் டாட்டில் புரட்ட என்ன இருக்கிறது? 25 கெஜத்தில் அப்படியே குறியில் அடிக்கும்படி வைத்தால் 100-இல் ஆறு அங்குலம் மேலே போகும், 200-இல் பத்து.

இன்னொரு சங்கதியும் உண்டு. 25-இல் நீ அரை அங்குலம் பிசகினால் 200-இல் அது நான்கு அங்குலம். அதே பிசகு 50-இல் என்றால் இரண்டு. கிட்டத்தில் குறி பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போகிறவர்கள் இந்தப் பெருக்கலை மறந்துவிடுகிறார்கள்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் 25-இல் காகிதத்தில் விழவைத்தால் போதும். அங்கே குறிக்குக் கீழே ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விழுந்தால் 50-க்குக் கிட்டத்தில் இருக்கிறாய் என்று அர்த்தம். அப்புறம் 50-க்குப் போ. பையின்மேல் ரைஃபிளைச் சாய்த்துவைத்து ஐந்து சுட்டுவிட்டு, அந்த ஐந்தின் நடுவைப் பார்த்துத் திருகு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் திருகினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பாய். உன்னுடையதில் ஒரு கிளிக் ஒரு எம்ஓஏ, அதாவது 100 கெஜத்தில் சுமார் ஓர் அங்குலம், 50-இல் அரை அங்குலம். புள்ளியின் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிடு. கூடினால் புள்ளி ஊதித் தெரியும், நடு எது என்றே பிடிபடாது. புள்ளி நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரிந்தால் கைப்பேசிக் கேமராவை வைத்துப் பார். கேமராவில் வட்டமாக இருந்தால் கோளாறு கண்ணில்; நம் குடும்பத்தில் எல்லாருக்கும் அஸ்டிக்மாடிசம் உண்டே. கடைசியாக 100-லும் 200-லும் சுட்டுப் பார். என் கணக்கை நம்பாதே, காகிதம் காட்டுவதை நம்பு.

ஏழெட்டு கெஜத்தில் சுடும்போது புள்ளிக்குச் சுமார் இரண்டு அங்குலம் கீழே அடிக்கும், எந்த ஜீரோவாக இருந்தாலும். தடுப்புப் பலகைக்கு மேலாகச் சுடும்போது இது ஆபத்தாகவும் முடியலாம்: கண்ணாடியில் வழி தெளிவாகத் தெரியும், ஆனால் குழல் முனை பலகைக்குப் பின்னால் இருக்கும். சுடுவதற்கு முன் முனையை ஒருதரம் பார்த்துக்கொள்.

தீபாவளிக்கு வருவதாக உன் அம்மா சொன்னாள். சுடுதளத்துக்கு எடுத்துப் போகும் பையில் துணி அடுக்கிக்கொண்டு வராதே, வேறு பை வாங்கு. அங்கே காலித் தோட்டாக்கள் தரையெங்கும் கிடக்கும், ஒன்று பையின் மூலையில் ஒளிந்திருந்தால் உனக்குத் தெரியாது. சாங்கி விமான நிலையத்தில் ஸ்கேன் செய்கிறவர்களுக்குத் தெரியும். இங்கே காலித் தோட்டாவும் விளையாட்டில்லை என்பதை, சுட்டு முடித்ததும் வரிசையில் நின்று, தோட்டாவோ காலித் தோட்டாவோ என்னிடம் இல்லை என்று உறுதிமொழி சொன்ன உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
மாமா