தம்பிக்கு ரத்தம் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

1994 மாசி மாதம் எங்கள் தம்பி ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். ஐந்து வயது நிறையவில்லை. அவனுக்காக ஓடியாடியவர்கள் பலருக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லக்கூட எங்களுக்குத் தெம்பில்லை. பலருடைய பெயரும் தெரியாது. அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. "யார் கண்ணிலாவது படட்டும், எழுதிப் போடு" என்றார். அம்மா, அப்பா, நான் மூவருக்குமாக எழுதுகிறேன்.

முதலில், திண்டிவனத்தில் ரத்தப் பரிசோதனை செய்த அண்ணனுக்கு. தம்பிக்கு விடாத காய்ச்சல். கால் முழுக்க அடிபடாமலேயே நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. வெள்ளணு லட்சத்தைத் தாண்டியிருப்பதைப் பார்த்து, சந்தேகத்துக்கு இன்னொரு சிலைடும் போட்டுப் பார்த்தீர்கள். சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடாமல், அப்பாவோடு டாக்டர் வீடு வரைக்கும் சைக்கிளில் வந்தீர்கள். மறுநாள் விடியற்காலை நாங்கள் மெட்ராஸ் பஸ்ஸில் இருந்தோம்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தில் பாடுபட்டு உருவாக்கியது. 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியதாம். இதெல்லாம் நான் வளர்ந்தபிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஒரு வீட்டின் இழவிலிருந்து பிறந்த இடத்தில்தான் எங்கள் தம்பியைச் சேர்த்திருந்தோம் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம். எங்களால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் பணம் வாங்கினார்கள்.

குழந்தைகள் வார்டில் இருந்த சிஸ்டர், நீங்கள் நாகர்கோவில் பக்கம் என்பது மட்டும்தான் அம்மாவுக்கு ஞாபகம். முதுகுத்தண்டில் ஊசி போடும்போது பிள்ளையின் தலையையும் முழங்காலையும் ஒன்றாக வளைத்து, அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் பிடித்தால்தான் தம்பி படுப்பான். அவனை எண்ணச் சொல்வீர்கள். அவனுக்குப் பதினொன்று வரைக்கும்தான் தெரியும். பதினொன்று வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். நீங்களும் கூடவே எண்ணுவீர்கள், ஒருநாளும் திருத்தியதில்லை. சிவப்பு மருந்து ஏற்றுவதற்கு முந்தின நாள், "நாளைக்கு உனக்கு ஒண்ணுக்கு சிவப்பாப் போகும், பயப்படாதே, முதல்ல எங்கிட்டத்தான் வந்து சொல்லணும்" என்று ரகசியம்போலச் சொல்லி வைத்தீர்கள். அது நடந்தபோது அவன் அழவில்லை. குளுக்கோஸ் பாட்டிலோடு நடந்து வந்து வார்டு முழுக்கச் சொன்னான். அந்த நாளைச் சொல்லும்போது மட்டும் அம்மா சிரிப்பார்.

அப்புறம், ரத்தம் கொடுத்தவர்கள். மருந்து ஏறினால் புற்றணுவோடு சேர்ந்து, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் விழுந்துவிடும். ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். ஒருவர் கொடுக்கும் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணு கொஞ்சம்தான். சின்னக் குழந்தைக்கே ஒரு வேளைக்கு இரண்டு மூன்று பேர் வேண்டும். எடுத்ததை ஐந்து நாளுக்கு மேல் வைக்கவும் முடியாது. அதனால் ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும். மெட்ராஸில் எங்களுக்கு யாரைத் தெரியும்? அப்பா கல்லூரி விடுதி ஒன்றின் வாசலில் போய் நின்றார். யார், எந்த ஊர், என்ன ஆட்கள் என்று ஒரு பையன்கூடக் கேட்கவில்லை. மறுநாள் பரீட்சை இருந்தவர்களும் வந்தார்கள். ராத்திரி வேலை முடித்து யூனிஃபார்மோடு வந்த ஒரு போலீஸ்காரர், காத்திருந்த சவாரியை விட்டுவிட்டு வந்த ஆட்டோக்காரர்... வெளிர் மஞ்சளாக அந்தப் பை தொங்கும்போது அம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொடுத்த உங்கள் முகங்களை அம்மா பார்த்ததில்லை. தம்பி அந்த வருடப் பொங்கலைப் பார்த்தது உங்களால்தான்.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒற்றை அறை கொடுத்த வீட்டுக்காரம்மாவுக்கும் நன்றி. கிருமி ஆகாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, அவன் தட்டு டம்ளரை எல்லாம் நீங்களே தனியாகக் கொதிக்க வைத்தீர்கள். கடைசி மாத வாடகையை வாங்கவே இல்லை.

நோய் அடங்கி வந்த நேரத்தில் நுரையீரலில் கிருமி தொற்றிவிட்டது. எதிர்த்து நிற்க அவன் உடம்பில் அணுக்கள் இல்லை. ஊருக்குக் கொண்டுவந்த வேன் டிரைவர் அண்ணன், அவனைப் பின்னால் படுக்க வைக்கச் சொல்லாமல், ஊர் வரைக்கும் அம்மா மடியிலேயே இருக்க விட்டீர்கள்.

எங்களிடம் அவன் போட்டோ ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் பூஞ்சை பிடித்துவிட்டது. பல வருடம் கழித்து, கடையை மூடுவதற்கு முன் பழைய நெகட்டிவ்களைத் தேடிப் பார்த்து, அவனுடையதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த ஸ்டுடியோக்காரருக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்? அதில் அவன் போட்டிருப்பது என் சட்டை.

இன்று வசதியான நாடுகளில் குழந்தைகளுக்கு அதிகமாக வரும் இந்த வகை ரத்தப் புற்றுநோய் வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைத்துவிடுகிறார்கள். நம் ஊரிலும் நிறையப் பேர் குணமாகிப் பள்ளிக்குப் போகிறார்கள். அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் அப்பா கிட்டப் போய்ப் பேசிவிட்டுத்தான் வருவார்.

வருகிற மாசியில் அவன் நினைவு நாளன்று எங்கள் குடும்பத்தில் கொடுக்க முடிந்த எல்லோரும் ரத்தம் கொடுக்கப் போகிறோம். 1993-லோ 94-லோ அடையாறில் முகம் தெரியாத ஒரு சின்னப் பையனுக்கு ரத்தம் கொடுத்தவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். சிஸ்டர், நீங்களும்தான். அம்மா உங்களோடு பேச வேண்டும் என்கிறார்.

நன்றியுடன்,
அவன் அம்மா, அப்பா, அக்கா